இரு கண்ணும் ஒரு காட்சியும்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு விழாவில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



நூற்றாண்டு விழாவில் பேச அழைத்தபோது சங்கத்தார் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "உங்கள் துறையைப் பற்றிப் பேசுங்கள். ஆனால் வீட்டில் பயன்படக்கூடியதாக ஏதாவது சொல்லுங்கள்." ஆகவே குழந்தைகளின் கண்கள் இரண்டும் சேர்ந்து பார்ப்பதைப் பற்றியும், அது பிழைத்துப் போகும்போது என்ன நடக்கிறது என்பதைப் பற்றியும் பேச எண்ணினேன். இங்கே தாய்மார் இருக்கிறீர்கள், அம்மம்மா, அப்பம்மாமார் இருக்கிறீர்கள், ஆசிரியைகள் இருக்கிறீர்கள். ஒரு பிள்ளையின் கண்ணில் குறை இருக்கிறது என்பதை வைத்தியருக்கு முன்னரே கண்டுபிடிக்கக் கூடியவர்கள் நீங்கள்தான்.

முதலில் ஒரு சிறு சோதனை. மலரில் இதை வாசிப்பவர்களும் செய்து பார்க்கலாம். கையை முன்னே நீட்டிப் பெருவிரலை உயர்த்துங்கள். இடக்கண்ணை மூடிக்கொண்டு, தூரத்தில் உள்ள ஏதாவதொரு பொருளுக்கு நேரே விரலைப் பிடியுங்கள். இப்போது கையை அசைக்காமல், இடக்கண்ணைத் திறந்து வலக்கண்ணை மூடுங்கள். விரல் பக்கத்தே தாவுகிறது அல்லவா? இரு கண்களுக்கும் இடையே ஏறக்குறைய 6 சென்ரிமீற்றர் இடைவெளி இருப்பதால் இரண்டும் ஒரே காட்சியைச் சற்று வேறுபட்ட கோணங்களில் காண்கின்றன. மூளை அந்த இரண்டையும் இணைத்து ஒன்றாக்குகிறது. அந்த வேறுபாட்டிலிருந்தே தூரத்தையும் ஆழத்தையும் நுட்பமாகக் கணித்துக்கொள்கிறது. 1838ஆம் ஆண்டு சார்ள்ஸ் வீற்ஸ்ரன் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி, இரண்டு தட்டையான படங்களைக் கண்ணுக்கு ஒன்றாகக் காட்டி முப்பரிமாணத் தோற்றத்தை உண்டாக்கும் கருவியின் மூலம் இதை நிரூபித்தார். ஊசியில் நூல் கோர்ப்பதிலும், கோப்பையில் சிந்தாமல் தேநீர் ஊற்றுவதிலும், வலைப்பந்து மைதானத்தில் பந்தைப் பிடிப்பதிலும் இந்த இணைப்புக்குப் பங்குண்டு.

இதற்குக் கண்கள் இரண்டும் ஒரே இடத்தைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு கண்ணையும் ஆறு தசைகள் அசைக்கின்றன. பன்னிரண்டு தசைகளும் ஒன்றோடொன்று ஒத்துப் போகவேண்டும். வாசிக்கும்போது கண் வரியின்மீது வழுக்கிக்கொண்டு போவதாக நாம் எண்ணுகிறோம். உண்மையில் அது தாவித் தாவிப் போகிறது. ஒவ்வொரு தாவலுக்கும் பின்னர் ஏறக்குறைய கால் செக்கன் நின்று பார்க்கிறது. 1870களின் இறுதியில் பாரிஸில் எமில் யாவால் என்ற கண் வைத்தியரின் ஆய்வுகூடத்தில் கவனிக்கப்பட்ட உண்மை இது. ஒவ்வொரு தாவலிலும் இரு கண்களும் சேர்ந்தே போய்ச் சேர்ந்தே இறங்குகின்றன.

வளர்ந்த ஒருவருக்கு நோயாலோ விபத்தாலோ ஒரு கண் திடீரெனத் திரும்பினால் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரியும். அவர் அன்றே வைத்தியரிடம் ஓடிவருவார். ஆனால் இரண்டு வயதுப் பிள்ளையின் கண் திரும்பினால் அந்தப் பிள்ளை முறையிடுவதில்லை. வளர்ந்துகொண்டிருக்கும் மூளை குழப்பத்தைத் தவிர்ப்பதற்காகத் திரும்பிய கண்ணின் காட்சியை ஒதுக்கிவிடுகிறது. ஒதுக்கப்பட்ட கண் பார்க்கக் கற்றுக்கொள்ளாமலே போய்விடுகிறது. இதையே அம்பிளியோப்பியா என்கிறோம். பேச்சுவழக்கில் 'சோம்பேறிக் கண்' என்பார்கள். எனக்கு அந்தப் பெயர் பிடிப்பதில்லை. அந்தக் கண் சோம்பி இருக்கவில்லை; அதற்குக் கற்கும் வாய்ப்புக் கிடைக்கவில்லை.

இதற்கு முக்கியமான காரணங்கள் மூன்று. ஒன்று மாறுகண், எங்கள் ஊர் வழக்கில் வாக்குக்கண். இரண்டாவது, ஒரு கண்ணுக்கு மற்றதைவிட அதிக வலுவுள்ள கண்ணாடி தேவைப்படுவது. மூன்றாவது, பிறவிக் கண்புரை, கீழே தொங்கும் கண்ணிமை போன்ற தடைகள். இவற்றுள் நான் மிகவும் அஞ்சுவது இரண்டாவதற்கே. அந்தப் பிள்ளையின் கண்கள் நேராக இருக்கும், அழகாக இருக்கும். நல்ல கண்ணால் எல்லாவற்றையும் பார்த்துப் படித்து ஓடியாடித் திரிவாள். ஒரு கண் மங்கல் என்பது பெற்றோருக்கும் தெரியாது, ஆசிரியைக்கும் தெரியாது, அவளுக்கே தெரியாது. பிறந்ததிலிருந்து அப்படித்தான் என்றால், ஒப்பிட்டுப் பார்க்க அவளிடம் வேறென்ன இருக்கிறது? நூறு பிள்ளைகளில் இரண்டு மூன்று பேருக்கு அம்பிளியோப்பியா உண்டு. நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பறையில் ஒருத்தி இருக்கக்கூடும்.

பார்வை என்பது கற்கப்படுவது என்பதை எமக்கு ஆய்வின்வழி காட்டியவர்கள் டேவிட் ஹியூபெல், ரோர்ஸ்ரன் வீசல் என்ற இருவர். அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் 1960களில் அவர்கள் பூனைக்குட்டிகளில் ஆய்வு செய்தார்கள். பிறந்த முதல் மாதங்களில் ஒரு கண்ணை மூடிவைத்துப் பின்னர் திறந்தபோது, கண்ணில் குறையேதும் இல்லை. ஆனால் அந்தக் கண்ணுக்குப் பதிலளிக்கும் கலங்கள் மூளையில் மிக அரிதாகிவிட்டிருந்தன. வளர்ந்த பூனையின் கண்ணை மூடியபோது அத்தகைய பாதிப்பு ஏற்படவில்லை. ஆக, பார்வை உருவாகும் பருவம் என்று ஒன்று உண்டு என்பது தெளிவாயிற்று. 1981இல் அவ்விருவருக்கும் நோபெல் பரிசில் பங்கு கிடைத்தது. இன்று பிறவிக் கண்புரையுள்ள குழந்தைக்கு முதல் வாரங்களிலேயே சத்திரசிகிச்சை செய்ய நாங்கள் அவசரப்படுவதற்கு இந்த அறிவே அடிப்படை.

ஆனால் அந்தப் பருவம் கடந்தால் கதவு முற்றாக அடைபட்டுவிடும் என்று நினைத்துவிடவும் கூடாது. பேராசிரியர் பவன் சின்ஹா தொடங்கிய 'பிரகாஷ்' என்ற திட்டத்தின்கீழ், இந்தியாவில் பிறவியிலேயே பார்வையிழந்து பல ஆண்டுகள் கழிந்த பிள்ளைகளுக்குச் சத்திரசிகிச்சை செய்யப்பட்டது. அவர்களுடைய பார்வை கூர்மையில் முழுமை அடையவில்லை. ஆயினும் பொருட்களையும் முகங்களையும் இனங்காணப் பலர் படிப்படியாகக் கற்றுக்கொண்டார்கள். முந்தினால் நல்லது, பிந்தினாலும் கைவிடாதே என்பதே இவ்விரு ஆய்வுகளையும் சேர்த்துப் பார்க்கும்போது கிடைக்கும் பாடம்.

சிகிச்சை எளிமையானது. பிரெஞ்சு அறிஞர் பபன் 1743இலேயே நல்ல கண்ணை மறைத்துப் பலவீனமான கண்ணுக்கு வேலை கொடுக்கும்படி எழுதினார். நாங்கள் இன்றும் அதைத்தான் செய்கிறோம். முதலில் பொருத்தமான கண்ணாடி. சில பிள்ளைகளுக்கு அது மட்டுமே போதும். போதாவிட்டால் நல்ல கண்ணின்மீது ஒட்டும் மறைப்பு, அல்லது நல்ல கண்ணைத் தற்காலிகமாக மங்கச் செய்யும் அத்திரோப்பீன் துளிமருந்து. முன்பெல்லாம் நாள் முழுவதும் மறைத்துவைத்துப் பிள்ளையையும் தாயையும் அழவைத்தோம். 7 வயதுக்குட்பட்ட 189 பிள்ளைகளை வைத்து அமெரிக்காவில் நடத்தப்பட்டு 2003இல் வெளியான ஆய்வொன்று, நடுத்தர அளவிலான குறைபாட்டுக்கு நாளொன்றுக்கு 2 மணித்தியாலம் மறைப்பதும் 6 மணித்தியாலம் மறைப்பதும் ஏறக்குறைய ஒரே பலனைத் தருகின்றன என்று காட்டியது. 2005இல் வெளியான மற்றோர் ஆய்வில், 7 முதல் 12 வயதுக்குட்பட்டவர்களில் மறைப்பும் துளிமருந்தும் பெற்றோரில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குப் பார்வை கணிசமாக முன்னேறியது; கண்ணாடி மட்டும் அணிந்தோரில் காற்பங்கினருக்கே அப்படி முன்னேறியது. ஆகவே பிள்ளைக்கு எட்டு வயதாகிவிட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

எளிமையான சிகிச்சைதான், ஆனால் இலகுவானதல்ல. மறைப்புக்குள் நேரத்தைப் பதியும் சிறு கருவியை வைத்து இங்கிலாந்தில் ஆராய்ந்தபோது, சொல்லப்பட்ட நேரத்தில் ஏறக்குறைய பாதியளவே பிள்ளைகள் அதை அணிந்திருந்தது தெரியவந்தது. அவர்களைக் குறைசொல்ல முடியாது. நன்றாகத் தெரியும் கண்ணை மூடிவிட்டு மங்கலாகத் தெரியும் கண்ணால் விளையாடு என்றால் எந்தப் பிள்ளைதான் சம்மதிக்கும்? அந்த இரண்டு மணித்தியாலமும் கூட இருந்து கதை சொல்லவும், நிறம் தீட்ட வைக்கவும், மணி கோர்க்க வைக்கவும் வீட்டில் ஒருவர் வேண்டும். இந்தச் சிகிச்சையின் பெரும்பகுதி நடப்பது வைத்தியசாலையில் அல்ல, வீட்டு விறாந்தையில்தான்.

அந்த விறாந்தைக்கு வந்து சேராமற் தடுக்கும் பேச்சுகள் சில எம்மிடையே உண்டு. "வாக்குக்கண் அதிர்ஷ்டமெல்லோ, அதைத் தொடக் கூடாது." "வளர வளரச் சரிவரும்." "பொம்பிளைப் பிள்ளைக்கு இந்த வயதிலேயே கண்ணாடியோ? நாளைக்கு ஆர் கட்டுவினம்?" மூன்றையும் என் அறையில் பலமுறை கேட்டிருக்கிறேன். பிறந்து முதல் இரண்டு மூன்று மாதங்களில் கண்கள் இடையிடையே விலகுவது இயல்பு. அகன்ற மூக்கடியால் சில குழந்தைகளுக்கு மாறுகண் போன்ற தோற்றம் மட்டும் இருப்பதும் உண்டு. ஆனால் நான்கு மாதங்களுக்குப் பின்னரும் கண் திரும்பினால் அது தானாகச் சரிவரும் என்று காத்திருக்கக் கூடாது. கண்ணாடியால் மட்டுமே நேராகிவிடும் மாறுகண்களும் உண்டு. தூரப்பார்வையுள்ள பிள்ளை தெளிவாகப் பார்க்க முயன்று கண்களை உள்நோக்கி இழுக்கிறது என்று ஒல்லாந்து வைத்தியர் டொண்டேர்ஸ் 1864இலேயே விளக்கிவிட்டார். மகளுக்குக் கண்ணாடி அழகில்லை என்று தள்ளிப்போடும் ஒவ்வோர் ஆண்டும் அவளுடைய ஒரு கண்ணிலிருந்து எடுக்கப்படுகிறது. எமது கல்லூரியில் படித்த நாங்கள் அந்தக் கணக்கை ஏற்றுக்கொள்ளலாமா?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஒளிவிளக்குடன் எடுத்த படத்தில் குழந்தையின் ஒரு கண்மணி வெள்ளையாகத் தெரிந்தாலோ, புதிதாக மாறுகண் தோன்றினாலோ, நாளைக்கு என்று விடாதீர்கள். பெரும்பாலும் காரணம் வேறாக இருக்கும். ஆனால் அரிதாக அது விழித்திரைப் புற்றுநோயின் முதல் அடையாளமாகவும் இருக்கலாம். நேரத்தோடு கண்டுபிடித்தால் உயிரைக் காப்பாற்றலாம்.

பெண்கள் கல்லூரி ஒன்றில் நின்று பேசுவதால் மூன்று பெண்களின் பெயரையும் சொல்ல விரும்புகிறேன். இங்கிலாந்தில் மேரி மடொக்ஸ், கண் வைத்தியரான தந்தையிடம் கற்று, இருவிழிப் பார்வைக் குறைபாடுகளைப் பராமரிக்கும் தொழிலின் முன்னோடியானார். அமெரிக்காவில் டவிடா ரெலர், பேசத் தெரியாத குழந்தையின் பார்வையை அளக்கும் வரி அட்டைகளை உருவாக்கினார். வெறும் பரப்பைவிடக் கோடுகளைப் பார்க்கவே குழந்தை விரும்பும் என்பதே அதன் சூட்சுமம். பின்லாந்தின் லேயா ஹூவாரினன், எழுத்தறியாத பிள்ளைக்காக அப்பிள், வீடு, வட்டம், சதுரம் என்ற நான்கு உருவங்களைக் கொண்ட அட்டவணையை 1976இல் தந்தார். "பிள்ளைக்கு எழுத்துத் தெரியாது, எப்படிச் சோதிப்பது?" என்ற கேள்விக்கு இவர்கள் எப்போதோ பதில் சொல்லிவிட்டார்கள்.

எச்சரிக்கையாகவும் ஒரு வார்த்தை. வாசிக்கச் சிரமப்படும் பிள்ளைகளுக்கு விலையுயர்ந்த கண் பயிற்சிகள் இன்று பல நாடுகளில் விற்கப்படுகின்றன. கிட்டப் பார்க்கும்போது கண்கள் குவிய மறுக்கும் குறைபாடு ஒன்று உண்டு. அதற்கு முறையான பயிற்சி பலன் தருகிறது என்று 2008இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆனால் அந்தப் பயிற்சியால் வாசித்து விளங்கும் திறன் கூடுகிறதா என்று 2019இல் வெளியான தொடராய்வு பார்த்தபோது, போலிப் பயிற்சி பெற்றவர்களைவிட அவர்கள் மேலாக முன்னேறியிருக்கவில்லை. எழுத்துகளைக் கூட்டி வாசிப்பதில் வரும் இடர்ப்பாடு பெரும்பாலும் மொழி சார்ந்தது. கண்ணை ஒருமுறை சோதித்துவிட்டு, அந்தப் பணத்தை வாசிப்பு கற்பிக்கும் நல்ல ஆசிரியைக்குக் கொடுங்கள்.

இனி, நாம் செய்யக்கூடியவை. எமது நாட்டில் தரம் 1இல் பாடசாலை மருத்துவப் பரிசோதனை நடக்கிறது. அன்று பிள்ளையை வீட்டில் மறிக்காதீர்கள். கொடுக்கும் கடிதத்தைப் பைக்குள் மறந்துவிடாமல் கண் வைத்தியரிடம் கொண்டு போங்கள். பிரித்தானியாவில் நான்கு, ஐந்து வயதிலும் சுவீடனில் நான்கு வயதிலும் பார்வைப் பரிசோதனை உண்டு. கனடாவின் ஒன்ராறியோவில் 19 வயது வரை ஆண்டுதோறும் கண் பரிசோதனைக்கு மாகாணக் காப்புறுதி பணம் கொடுக்கிறது. அங்குள்ள தங்கைமார் இந்த வசதிகளைத் தவறவிட வேண்டாம். வீட்டில் நீங்களும் ஒருமுறை பாருங்கள். விரல் இடுக்கால் எட்டிப் பார்க்க முடியாதபடி உங்கள் உள்ளங்கையால் ஒரு கண்ணை மூடி, தூரத்தில் உள்ளதைக் கேளுங்கள். பின்னர் மற்றக் கண்ணை மூடிக் கேளுங்கள். ஒரு கண்ணை மூடும்போது மட்டும் பிள்ளை சிணுங்கிக் கையைத் தட்டிவிட்டால் அது குறும்பல்ல, தகவல். இது வைத்தியப் பரிசோதனைக்கு ஈடாகாது. ஆனால் வைத்தியரிடம் போகவேண்டும் என்பதை அது சொல்லும்.

சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். எமது கல்லூரியின் ஆரம்பப் பிரிவில் சேரும் ஒவ்வொரு பிள்ளையின் இரு கண்களும் தனித்தனியே சோதிக்கப்பட்டன என்பதை ஆண்டுதோறும் உறுதிசெய்யும் பொறுப்பை இந்த நூற்றாண்டில் ஏற்றுக்கொள்வோம். கண்ணாடி வாங்க வசதியில்லாத வீட்டுக்குக் கண்ணாடியும், மறைப்பு ஒட்டி வரும் பிள்ளையைக் கேலி செய்யாத வகுப்பறையும் கிடைக்கச் செய்வோம். கட்டடம் கட்டுவதற்குச் சேர்க்கும் பணத்தில் சிறு துளியே இதற்குத் தேவை. அதன் பயனோ அறுபது எழுபது ஆண்டுகள் அந்தப் பிள்ளையோடு கூடவே வரும்.