கேரளத்தின் முதற் சட்டசபை

மொழிவழியாக ஒரு ராஜ்யம் அமையும்போது, அம்மொழியைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்களுக்கு அங்கே என்ன இடம்? டில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியேறி வாழும் நமக்கு இக்கேள்வி புதிதன்று. பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கும் நாளில் அது எழுகிறது. வாக்காளர் பட்டியலில் பெயரைத் தேடும் நாளில் மறுபடி எழுகிறது. 1957-ஆம் ஆண்டில் திருவனந்தபுரத்தில் கூடிய கேரளத்தின் முதற் சட்டசபை இக்கேள்விக்கு ஒருவகையில் விடை கூறியது. அதன் கதையையே இன்று கூற விரும்புகிறேன்.

சட்டசபை என்பது திருவனந்தபுரத்துக்குப் பழகிய பொருள். 1888-இலேயே ஸ்ரீமூலம் திருநாள் மகாராஜா எட்டு அங்கத்தினர் கொண்ட சட்ட நிர்மாண சபையை அமைத்தார். சுதேச சமஸ்தானங்களில் அதுவே முதலாவது. 1904-இல் ஸ்ரீமூலம் பிரஜா சபை தோன்றியது. தலைமைச் செயலக வளாகத்தில் 1939-இல் திறக்கப்பெற்ற மண்டபத்தில், சுதந்திரத்துக்குப் பின் திருவிதாங்கூர்-கொச்சி சட்டசபை கூடிற்று. தென் தாலுகாக்களின் தமிழர் பிரதிநிதிகளான திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கட்சியினர் அம்மண்டபத்தில் அமர்ந்துதான், தங்கள் பகுதியைச் சென்னை ராஜ்யத்துடன் இணைக்க வேண்டுமென்று வாதாடினார்கள். 1954 ஆகஸ்டில் அக்கிளர்ச்சி துப்பாக்கிச் சூட்டில் முடிந்து உயிர்களைப் பலிகொண்டது. அந்த நினைவு அங்கே நெடுநாள் ஆறவில்லை.

1956 நவம்பர் 1-ஆம் தேதி எல்லைகள் மாறின. தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்களும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் சென்னை ராஜ்யத்தைச் சேர்ந்தன. மலபார் ஜில்லாவும் காசர்கோடு தாலுகாவும் கேரளத்துக்குச் சென்றன. தமிழர் கேட்ட தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்திலேயே நின்றுவிட்டன. தோட்டத் தொழிலாளர் வந்து போகிறவர்கள்தாமே, அவர்களைக் கொண்டு எல்லை வகுக்கலாமா என்ற வாதம் அன்று வலுவாக எழுந்தது. வந்து போகிறவர்கள்! நம்மில் எத்தனை பேர் இச்சொல்லைக் கேட்டிருக்கிறோம்!

புதிய ராஜ்யம் பிறந்த நாளில் அதற்குச் சட்டசபையே இல்லை. ஜனாதிபதியின் ஆட்சி நடந்துகொண்டிருந்தது. 1957 பிப்ரவரி 28 முதல் மார்ச் 11 வரை தேர்தல் நடந்தது. தொகுதிகள் 114, அவற்றுள் 12 இரட்டை அங்கத்தினர் தொகுதிகளாதலால் ஸ்தானங்கள் 126. கம்யூனிஸ்டுக் கட்சி 60 இடங்களையும், காங்கிரஸ் 43 இடங்களையும், பிரஜா சோஷலிஸ்டுக் கட்சி 9 இடங்களையும் பெற்றன. ஐந்து சுயேச்சைகளின் துணையோடு ஏப்ரல் 5-ஆம் தேதி ஈ. எம். எஸ். நம்பூதிரிபாட் பதினொருவர் அடங்கிய மந்திரி சபையை அமைத்தார். 126-இல் 65 பேர் என்பது மெலிந்த பெரும்பான்மை. இந்த எண்ணை நேயர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறேன்.

சபை 1957 ஏப்ரல் 27-இல் கூடியது. சங்கரநாராயணன் தம்பி சபாநாயகராகவும், ஆயிஷா பாய் என்ற பெண்மணி உபசபாநாயகராகவும் அமர்ந்தார்கள். சட்ட மந்திரி வி. ஆர். கிருஷ்ணய்யர் பாலக்காட்டு வைத்தியநாதபுரத்தில் பிறந்தவர். தமிழ் பேசும் குடும்பத்தினர். 1952-இல் சென்னைச் சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட அவர், இப்போது தலைச்சேரியிலிருந்து சுயேச்சையாகக் கேரள சபைக்கு வந்திருந்தார். எல்லைக்கோடு நகர்ந்ததே தவிர, மலபாரிலிருந்து அவர் நகரவில்லை.

ஆயினும் தமிழரின் கதை அந்தச் சபையில் மந்திரி ஆசனத்தைவிடத் தேவிகுளம் தொகுதியிலேயே மிகுதியாக இருக்கிறது. அங்கிருந்து வென்ற ரோசம்மா புன்னூஸ்தான் சபையில் முதன்முதலாகப் பிரமாணம் எடுத்தவர்; தற்காலிகச் சபாநாயகராக இருந்தவரும் அவரே. ஆனால் ஓர் அபேட்சகரின் நியமனப் பத்திரம் முறைகேடாகத் தள்ளப்பட்டது என்று கண்டு, அத்தேர்தலை நீதிமன்றம் ரத்துச் செய்தது. 1958-இல் இடைத்தேர்தல் வந்தது. பெரும்பான்மையோ மேலே சொன்னபடி மெலிந்தது. ஆகவே ராஜ்யம் முழுவதன் கண்ணும் மூணாற்றுத் தேயிலை மலைகளின் மேல் விழுந்தது. அங்கே வாக்காளர்களில் பெரும்பகுதியினர் தமிழ்த் தொழிலாளர். அவர்களிடம் மலையாளப் பிரசங்கம் செல்லுமா? பண்ணைப்புரத்திலிருந்து பாவலர் வரதராஜன் வந்தார். இசையமைப்பாளர் இளையராஜாவின் தமையனாரான அவர், லயன் வீடுகளின் முன் தமிழில் பாடி ஆதரவு திரட்டினார். ரோசம்மா புன்னூஸ் மீண்டும் வென்றார். வந்து போகிறவர்கள் எனப்பட்டோரின் வாக்கைத் தேடி ஒரு மந்திரி சபையே மலையேறிற்று.

சபை இயற்றிய சட்டங்களுள் நமக்கு நேரே பயன்பட்டது கல்வி மசோதாவைப் பற்றிய வழக்கு. 1957 செப்டம்பரில் நிறைவேறிய அம்மசோதாவைக் கவர்னர் ஜனாதிபதிக்கு அனுப்ப, அவர் சுப்ரீம் கோர்ட்டின் கருத்தைக் கேட்டார். 1958 மே 22-இல் கோர்ட்டு கூறியது: ராஜ்யம் முழுவதற்கும் பொருந்தும் சட்டமாயின், சிறுபான்மையினர் யார் என்பதை அந்த ராஜ்யத்தின் ஜனத்தொகையைக் கொண்டே அறிதல் வேண்டும். மதத்தால் மட்டுமன்றி மொழியால் சிறுபான்மையினராயினோர்க்கும் பள்ளி நடத்தும் உரிமையை அரசியல் சட்டத்தின் 30-ஆம் பிரிவு அளிக்கிறது. தமிழ்நாட்டில் பெரும்பான்மையினரான நாம், எல்லை தாண்டியதும் அப்பாதுகாப்புக்கு உரியவர்கள் ஆகிறோம். டில்லியில் தமிழ்ப் பள்ளி நடத்துவோரும் இக்கருத்தின் நிழலில் நிற்பவர்களே.

மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். குடியானவர் உறவுச் சட்ட மசோதா 1959 ஜூன் 10-இல் நிறைவேறியது. அதற்குள் கல்விச் சட்டத்தை எதிர்த்த கிளர்ச்சி ராஜ்யமெங்கும் பரவியிருந்தது. ஜூலை 31-இல் மத்திய சர்க்கார் மந்திரி சபையை நீக்கிச் சபையைக் கலைத்தது. அது சரியா என்று மலையாளிகள் இன்றும் வாதிடுகிறார்கள். பெரும்பான்மை இழக்காத சபையைக் கலைத்தது பிழை என்பதே என் எண்ணம்.

சபையில் எந்த மொழியில் பேசுவது? ராஜ்யத்தின் ஆட்சிமொழியில், அன்றி ஹிந்தியில் அல்லது ஆங்கிலத்தில். அவற்றில் கருத்தைச் செவ்வனே வெளியிட இயலாதவர் சபாநாயகரின் அனுமதியோடு தாய்மொழியில் பேசலாம் என்கிறது 210-ஆம் பிரிவு. 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழரும் கன்னடரும் சர்க்காருக்குத் தத்தம் மொழியிலேயே எழுத இடமளித்தது.

2021 மே 24-இல் அதே தேவிகுளத்தின் உறுப்பினர் ஏ. ராஜா தமிழில் பிரமாணம் எடுத்தார். கடவுள் பெயரால் ஆணையிடுவதாகவோ, மனமார உறுதி கூறுவதாகவோ அந்தத் தமிழ் வாசகத்தில் ஒரு சொல்லும் இல்லை. மொழிபெயர்ப்பில் விடுபட்டுப் போயிற்று. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு அச்செய்தியைப் படித்தபோது உடல் கூசியது. விடுபட்ட சொல்லைச் சேர்த்து, ஜூன் 2-ஆம் தேதி அவர் மறுபடியும் பிரமாணம் எடுத்தார். இரண்டாம் முறையும் தமிழிலேயே எடுத்தார்.