பகலிலும் ஃபிளாஷ் வேண்டும்

(குறுவள மையக் கூட்டத்தில் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரை)



நான் தூத்துக்குடிக் கடலோரப் பள்ளி ஒன்றில் பணிபுரிகிறேன். ஒருமுறை ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை முயல் தீவுக் கடற்கரைக்குக் களப்பயணம் அழைத்துச் சென்றேன். உச்சி வெயில். கடலுக்கு முன்னால் பிள்ளைகளை நிறுத்திப் படம் எடுத்தேன். மறுநாள் அச்சிட்டு வகுப்பில் ஒட்டினேன். கடல் அழகாக இருந்தது. முகங்களெல்லாம் இருண்டு கிடந்தன. ஒரு சிறுமி வெகுநேரம் தேடிவிட்டு, “டீச்சர், இதுல நான் எங்க?” என்று கேட்டாள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

பகலில் எதற்கு ஃபிளாஷ் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். கடலும் உப்பளமும் பளீரென்று இருப்பதால், வெளிச்சம் அதிகம் என்று கணக்கிட்டுக் கேமரா ஒளியைக் குறைத்துவிடுகிறது. ஆட்டோவில் வைத்தால் ஃபிளாஷ் பெரும்பாலும் எரியாது. மின்னல் குறியைத் தேர்ந்தெடுத்து, கட்டாயம் எரியும்படி வையுங்கள். நிழல் விழுந்த முகம் தெளிவாகும்.

ஆனால் கேமராவோடு வரும் ஃபிளாஷ் அதிகத் தூரம் எட்டாது. மூன்று, நான்கு மீட்டர்தான். தொலைவு இருமடங்கானால் ஒளி கால் பங்காகும். முன்வரிசை 2 மீட்டரிலும் பின்வரிசை 4 மீட்டரிலும் இருந்தால், பின்னால் நிற்கும் பிள்ளைக்குக் கால் பங்கு ஒளிதான். ஆகவே பத்துப் பத்துப் பேராக, அரைவட்டமாக நிறுத்துங்கள். ஆண்டுவிழா மேடையை அரங்கின் கடைசியிலிருந்து எடுக்கும்போது ஃபிளாஷ் பயன்படாது. முன்னால் இருப்பவர்களின் தலைதான் பளிச்சிடும். அதை அணைத்துவிட்டு மேடையருகே செல்லுங்கள்.

இக்கரையில் 1961-க்குப் பின் பெரிய அளவில் முத்துக்குளிப்பு நடக்கவில்லை. எங்கள் பிள்ளைகள் முத்துச்சிப்பியைப் பார்ப்பது கண்காட்சி மேசையில்தான். அருகிலிருந்து நேராக ஃபிளாஷ் அடித்தால் சிப்பியின் மினுமினுப்பு மறைந்து வெள்ளைப் புள்ளிதான் விழும். ஃபிளாஷின் மேல் மெல்லிய வெள்ளை டிஷ்யூ தாளை ஒரு மடிப்பு பிடியுங்கள்; ஒளி பரவி மென்மையாகும். ஜன்னலோர வெளிச்சம் இருந்தால் ஃபிளாஷே வேண்டாம். லேமினேட் செய்த படங்களையும் நேராக அல்லாமல் சற்றுப் பக்கவாட்டில் நின்று எடுங்கள்.

இருட்டறையில் கண்கள் சிவப்பாக விழுகின்றனவா? கண்ணின் உட்புறத்தில் பட்டுத் திரும்பும் ஒளி அது. அறை விளக்குகளைப் போடுங்கள். லென்ஸை நேராகப் பார்க்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

அடுத்த களப்பயணத்தில் ஃபிளாஷ் போட்டே எடுத்தேன். அந்தச் சிறுமி வந்து, படத்தில் தன் முகத்தின் மேல் விரலை வைத்துக் காட்டினாள். வகுப்புப் படத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் தன் முகம் தெரிய வேண்டும். அதற்கு ஒரு பொத்தானை அழுத்தினால் போதும்.