பிஸ்ஸு பூஸாவும் கம்பரின் பூசையும்



கம்பர் தமது காவியத்தின் தொடக்கத்தில் அவையடக்கமாகத் தம்மை ஒரு பூனைக்கு ஒப்பிடுகிறார். பாற்கடலின் கரைக்கு வந்து, அத்தனை பாலையும் நக்கிக் குடித்துவிடலாம் என்று ஆசைப்பட்ட பூனை. அந்தப் பூனைக்கு அவர் இட்ட சொல் 'பூசை'. பண்டிதர்கள் இந்தச் செய்யுளை அடக்கத்துக்கு உதாரணமாகச் சொல்வார்கள். எனக்கோ அந்தப் பூனைக்குப் பிறகு என்ன நடந்தது என்பதில்தான் அக்கறை. கடலை அது குடித்து முடித்திருக்காது. கரையில் ஒரு நண்டு ஓடியிருக்கும். அதைத் துரத்திக்கொண்டு போயிருக்கும். கம்பர் பல்லாயிரம் பாடல்களை எழுதி முடித்துவிட்டார் என்பது வேறு விடயம். நான் முடிக்காத இனம். அரைவாசி பின்னிய கம்பளிச் சட்டைகள் நான்கும், முதல் அத்தியாயத்தோடு நின்றுபோன நாவல்கள் இரண்டும், அடிகருகிய சட்டிகள் பலவும் என் வீட்டில் உண்டு.

கந்தப்பளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்தில் 1972இல் பிறந்தவள் நான். பின்னர் ஆசிரியையானேன். 2016ஆம் ஆண்டில், நாற்பத்து நான்காவது வயதில், எனக்கு ஏ.டி.எச்.டி. இருப்பதாகக் கொழும்பில் ஒரு வைத்தியர் சொன்னார். கவனக்குறைவும் மிகைத்துடிப்பும் சேர்ந்த நிலை என்று தமிழில் சொல்லலாம். இலக்கிய நிகழ்ச்சியில் வைத்தியம் எதற்கு என்று நேயர்கள் கேட்கக்கூடும். எனக்கு இது பெயர்களைப் பற்றிய விடயம். ஒரு மனிதருக்கு என்ன பெயர் வைக்கிறோம் என்பது இலக்கியத்தின் வேலைதானே.

தோட்டத்தில் 'பேர்' என்றால் இன்னொன்றும் உண்டு. ஒரு நாள் வேலைக்குப் பேர் என்று சொல்வார்கள். குறித்த கிலோ கொழுந்து கூடையில் விழாவிட்டால் செக்ரோலில் அரைப்பேர்தான் விழும். என் அம்மாவின் விரல்கள் வேகமானவை. ஆனால் நிரையில் நின்று பறித்துக்கொண்டிருக்கும்போதே கை நின்றுவிடும். எதிர்மலையில் வெயில் விழுந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். பிறகு தமது நிரையை விட்டு அடுத்தவரின் நிரைக்குள் போய்விடுவார். "ஆள் நிரையில நிக்குது, மனசு டவுனுக்குப் போயிருச்சு" என்று கங்காணி சிரிப்பார். அந்தச் சிரிப்புக்கு எங்கள் வீட்டில் மாதக் கடைசியில் விலை கொடுத்தோம். பெரட்டு, கொழுந்து நிறுவை, மறுபடியும் நிறுவை என்று மணிக்கூட்டால் நறுக்கப்பட்ட நாள் அது. பொழுதை உள்ளே உணரத் தெரியாத ஒருவருக்கு அதைவிடக் கொடிய இடம் கிடையாது. இந்த நிலை இருப்பவர்களுக்குக் கால உணர்வு பலவீனமாக இருப்பதையும், இது பெருமளவு பரம்பரையாக வருவதையும் இன்றைக்கு வைத்தியர்கள் சொல்கிறார்கள். அம்மாவை எந்த வைத்தியரும் பரிசோதித்ததில்லை. அவர் 2009இல் காலமானார்.

எனக்குப் பொழுது சொல்லிக்கொடுத்தது தொலைக்காட்சி. சிரிக்க வேண்டாம்.

ஜப்பானிய அரசின் உதவியோடு ரூபவாஹினி 1982 பெப்ரவரி 15ஆம் திகதி ஆரம்பமாயிற்று. அதன் ஒளிபரப்புக் கோபுரம் நாட்டின் மிக உயர்ந்த மலையான பீதுருதாலகாலையின் உச்சியில், 2,524 மீற்றர் உயரத்தில் நின்றது. மேகம் விலகிய நாளில் எங்கள் இஸ்தோப்பிலிருந்து அந்த மலை தெரியும். விளக்கின் அடியில் இருட்டு என்பார்களே, அந்தக் கதைதான். நாடு முழுவதற்கும் படம் அனுப்பிய மலையின் அடிவாரத்தில் எங்கள் லயத்துக்கு மின்சாரம் இல்லை. சவூதியில் வீட்டுவேலை செய்து திரும்பிய பக்கத்துக் காம்பராச் சின்னம்மா ஒரு கறுப்புவெள்ளைப் பெட்டி கொண்டுவந்தார். அது கார் பற்றரியில் ஓடியது. பற்றரியைச் சாக்கில் சுற்றி, பஸ்ஸில் நுவரெலியாவுக்குக் கொண்டுபோய், சார்ஜ் ஏற்றித் திரும்பச் சுமந்துவர வேண்டும். அதனால் பார்க்கும் நிகழ்ச்சிகளை முன்கூட்டியே தீர்மானித்துக் கொப்பியில் எழுதி வைப்போம். அந்தப் பொறுப்பு என்னிடம் இருந்தது. இன்று செவ்வாயா வியாழனா என்று பாடசாலையில் கேட்டால் விழித்த நான், இன்னும் எத்தனை நாளில் எந்த நிகழ்ச்சி வரும் என்பதை விரல்விட்டுச் சொல்வேன். பற்றரி இறங்க இறங்கப் படம் ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வரும். செய்தி வாசிப்பவர் தீப்பெட்டி அளவு ஆகிவிடுவார். நேரம் கரைவதை என் கண்ணால் கண்டது அந்தத் திரையில்தான்.

அந்தக் காலத்து நிகழ்ச்சிகளுக்கு ஒரு முடிவும் இருந்தது. ஓர் அத்தியாயம் முடிந்தால் முடிந்ததுதான். அடுத்ததற்குக் காத்திருக்க வேண்டும். இப்போது கைத்தொலைபேசியில் ஒன்று முடியுமுன் மற்றொன்று தானாகவே தொடங்குகிறது. எனக்கு அதுதான் பாற்கடல். இரவு இரண்டு மணிவரை நக்கிக்கொண்டிருக்கிறேன். ஆகவே பழைய நிகழ்ச்சிகளை மட்டும், நாளுக்கு ஒன்றாக, அந்தக் கொப்பிக் கணக்கிலேயே பார்க்கிறேன்.

ரூபவாஹினியின் மொழிமாற்றுப் பிரிவில் தித்தஸ் தொடவத்த என்றொரு கலைஞர் இருந்தார். 'ஹந்தயா' என்ற சிறுவர் திரைப்படத்தை எடுத்தவர்; 2011இல் காலமானார். வெளிநாட்டுக் கார்ட்டூன்களுக்கு அவர் கொடுத்த சிங்களம் மொழிபெயர்ப்பாகவே இராது. மூலமே சிங்களத்தில் பிறந்ததுபோல் இருக்கும். விலங்குகளோடு பேசும் டொக்டர் டூலிட்டிலை 'தொஸ்தர ஹொந்தஹித்த' ஆக்கினார், நல்ல மனசுள்ள வைத்தியர் என்று பொருள். மொழிபெயர்ப்பாளர்கள் இதைப் பாடமாகப் படிக்கலாம். இன்னொன்று 'பிஸ்ஸு பூஸா'. பைத்தியக்காரப் பூனை. சிங்களத்தின் பூஸாவும் கம்பரின் பூசையும் எவ்வளவு நெருங்கிய ஒலிகள் என்று பாருங்கள்! நாங்கள் சிங்களம் கற்றதே அந்தப் பெட்டியில்தான்.

பிஸ்ஸு என்ற சொல் மட்டும் எங்களுக்கு ஏற்கெனவே தெரியும். என் தம்பிக்கு லயத்துப் பிள்ளைகள் வைத்திருந்த பெயர் அது. என்னைவிட இரண்டு வயது இளையவன். வாங்கில் ஒரு நிமிடம் இருக்கமாட்டான். கேட்ட கேள்வி முடியுமுன் பதில் சொல்வான். சரியான பதிலாகவும் இருக்கும். அதற்கும் அடி விழும். நான் பராக்கு, அவன் பிஸ்ஸு. யன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு சத்தமில்லாமல் இருக்கும் பெண்பிள்ளையால் யாருக்கும் தொந்தரவில்லை. ஆகவே நான் மேல்வகுப்புக்குத் தள்ளப்பட்டேன். அவனை 1987இல், பதின்மூன்று வயதில், படிப்பு ஏறாது என்று நிறுத்திக் கொழும்பில் ஒரு கடைக்கு அனுப்பினார்கள். பின்னர் 'ஓஷின்' என்ற ஜப்பானியத் தொடர் ஒளிபரப்பானது. ஏழு வயதில், ஒரு மூட்டை அரிசிக்காக வீட்டுவேலைக்கு அனுப்பப்படும் குடியானவச் சிறுமியின் கதை. லயமே திரண்டு அழுதது. அம்மா அழவில்லை. பாதியில் எழுந்து வெளியே போய்ப் பீலியடியில் நின்றார்.

பராக்கும் பிஸ்ஸுவும் ஒரே மரத்தின் இரண்டு கிளைகள் என்பதை உலகம் வெகுகாலத்துக்கு முன்பே கண்டிருந்தது. ஹைன்றிச் ஹொஃப்மன் என்ற ஜேர்மானிய வைத்தியர் 1840களில் தமது மகனுக்காகப் படங்களோடு ஒரு பாட்டுப் புத்தகம் செய்தார். அதில் சாப்பாட்டு மேசையில் ஆடி ஆடி விரிப்போடு எல்லாவற்றையும் இழுத்து விழுத்தும் ஒரு பையன் வருகிறான். வானத்தைப் பார்த்துக்கொண்டே நடந்து தண்ணீருக்குள் விழும் இன்னொரு பையனும் வருகிறான். இலக்கியம் வைத்தியத்தை முந்திய இடம் இது. 1902இல் லண்டனில் ஜோர்ஜ் ஸ்ரில் என்ற குழந்தை வைத்தியர் இத்தகைய பிள்ளைகளைப் பற்றி மூன்று விரிவுரைகள் செய்தார். அறிவில் குறையில்லாத பிள்ளைகளிடமும் இதைக் காண்கிறோம் என்று அவதானித்தவர், அதற்கு ஒழுக்கக் கட்டுப்பாட்டின் குறை என்று பெயரிட்டார். அவதானம் கூர்மையானது, பெயர்தான் பிள்ளைகளின் தலையில் விழுந்தது. இப்போது வழங்கும் பெயரை அமெரிக்க உளமருத்துவச் சங்கம் தனது கைநூலில் சேர்த்தது 1987இல். உலகில் பிள்ளைகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 5 பேருக்கு இது இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். கவனம் இல்லாத நிலை என்று இதை நினைப்பது பிழை. பிடித்த காரியத்தில் பசி மறந்து நாள் முழுதும் இருப்போம். வேண்டிய இடத்தில் வேண்டிய நேரத்துக்குக் கவனத்தை நிறுத்துவதுதான் முடியாது.

தம்பியின் மகனை வைத்தியரிடம் கொண்டுபோனபோதுதான் என் விடயமும் வெளியானது. பையனைப் பற்றி வைத்தியர் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். "ரீச்சர், நீங்கள் யாருக்காகத் தலையாட்டுகிறீர்கள்?" என்று அவர் சிரித்தபடி கேட்டார். அடுத்த மாதம் எனக்கும் பரிசோதனை நடந்தது. அன்றிரவு தம்பிக்குத் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் வேலைசெய்த கடைகளை எண்ணினால் கொழும்பில் பாதி வரும். எங்கும் இரண்டு வருடம் தாண்டியதில்லை. நெடுநேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "அக்கா, அப்பவே இதுக்குப் பேரு இருந்துச்சா?" என்று கேட்டான்.

இருந்தது. அவனைக் கடைக்கு அனுப்பிய அதே வருடம் அந்தப் பெயர் அச்சாகியது. பீதுருதாலகாலையின் உச்சியிலிருந்து படம் எங்கள் லயத்துக்கு வந்தது, அந்தப் பெயர் வரவில்லை. இதை நான் அவனிடம் சொன்னேன். சொல்லாமல் விட்டிருக்கலாம் என்று சில உறவினர்கள் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. முப்பது வருடம் தன்னை மக்கு என்று எண்ணியிருந்த மனிதனுக்கு அந்த விபரம் சொந்தம்.

இனி என் பூனைகளைப் பற்றி. மூன்று இருக்கின்றன. கறுப்பி, ஓஷின், சின்னத்துரை. சின்னத்துரை வாலை நிமிர்த்திக்கொண்டு அறை அறையாக மேற்பார்வை செய்வான், அதனால் அந்தப் பெயர். லயத்தில் அரிசி மூட்டைக்கு எலி வராமலிருக்க வீட்டுக்கொரு பூனை வளர்த்தோம். அடுப்பில் பூனை தூங்குகிறது என்றால் தமிழில் வறுமைக்கு அடையாளம். எங்கள் குளிரில் அப்படியல்ல. நெருப்பு அணைந்ததும் சாம்பலின் சூட்டுக்காக முதலில் வந்து படுப்பது பூனைதான். அது அங்கே கிடந்தால் அன்றைக்குச் சமைத்திருக்கிறார்கள் என்றே அர்த்தம்.

மருந்து எடுக்கிறேன், உதவுகிறது. ஆனால் மருந்து அடுப்பை அணைக்காது. சரியாக ஐந்து மணிக்குச் சின்னத்துரை என் நெஞ்சில் ஏறி நிற்பான். அதுதான் பெரட்டு. மாலையில் அவர்களுக்கு மீன் அவிக்கும் வேளையில் என் மாத்திரைப் பெட்டியையும் பார்க்கிறேன், மறுநாள் பாடக்குறிப்பையும் பையில் வைக்கிறேன். ஒன்றோடு ஒன்றைக் கட்டிவிட்டால் என்னால் முடியும். பூனை காத்திருந்து கோபித்துக்கொள்வதில்லை. நேற்றைய தவறை இன்றைக்கு எடுத்துச் சொல்வதுமில்லை. இப்போதே வேண்டும் என்கிறது. இப்போது என்பது ஒன்றுதான் எனக்கு நன்றாகப் புரியும் காலம்.

தம்பியின் மகன் இப்போது என்னோடு இருந்து படிக்கிறான். ஆண்டு பதினொன்று. வகுப்பில் வாங்கில் இருக்க முடியாத வேளையில் எழுந்து பின்னால் நின்று எழுதுவதற்கு அவனுடைய ஆசிரியை அனுமதித்திருக்கிறார். அதற்கு அவருக்குப் பணமும் செலவாகவில்லை, சுற்றறிக்கையும் தேவைப்படவில்லை. சனிக்கிழமைகளில் கொப்பியில் எழுதிவைத்தபடி அவனும் நானும் ஒரு பழைய அத்தியாயம் பார்க்கிறோம். சென்ற வாரம் பிஸ்ஸு பூஸா. முடிந்ததும் அவன் கைத்தொலைபேசியை மூடி வைத்துவிட்டு, அந்தப் பூனைக்கு உண்மையில் பைத்தியமா, மற்றவர்கள் சும்மா சொல்கிறார்களா என்று கேட்டான். அதற்குள் கறுப்பி மேசையிலிருந்த பால் கோப்பையைத் தட்டிவிட்டாள். இருவரும் துணி தேடி ஓடினோம்.