மறதி நோய்க்குப் பழைய மருந்து: நம்புவதற்கு முன் கேட்க வேண்டியவை



"இந்தச் சர்க்கரை மாத்திரை மறதி நோயைக் குணமாக்குது", "மஞ்சள் காப்ஸ்யூல் சாப்பிட்டா ஞாபகம் திரும்பிடும்". இப்படி ஒரு செய்தி உங்க வாட்ஸ்அப்புக்கும் வந்திருக்கலாம். வீட்டில் டிமென்ஷியா எனும் மறதி நோயோடு பெரியவர் ஒருவர் இருந்தால், மனசு உடனே நம்பிவிடும். இதில் எது உண்மைன்னு பார்ப்போம்.

வேறு நோய்க்கு ஏற்கெனவே கொடுத்துவரும் மருந்தின் பக்கவிளைவுகள் பெருமளவு தெரிந்தவை. அதனால் அவற்றை மறதி நோய்க்கும் ஆய்வாளர்கள் சோதிக்கிறார்கள். இன்று டாக்டர்கள் எழுதித் தரும் மெமன்டைன், 1960-களில் சர்க்கரை நோய்க்காக உருவாக்கப்பட்டது. அதற்குப் பயன்படலை, பின்னாளில் மறதி நோய்க்குக் கைகொடுத்தது. கேலன்டமைன் என்பது ஸ்னோடிராப் போன்ற பூச்செடிகளில் உள்ள பொருள். இவை அறிகுறிகளை ஓரளவு தணிக்கும், நோயைக் குணமாக்காது.

ஆனால் சோதனையில் தேறாதவை நிறைய. ஜிங்கோ இலைச் சாறு ஞாபகசக்திக்கு நல்லதுன்னு உலகமெங்கும் விற்கிறார்கள். அமெரிக்காவில் 75 வயதும் அதற்கு மேலும் ஆன 3,069 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ஜிங்கோவும் மறு பாதிக்கு அதே மாதிரி டம்மி மாத்திரையும் கொடுத்தார்கள். யாருக்கு எதுன்னு டாக்டருக்கும் தெரியாது. சுமார் 6 வருஷம் கவனித்து, 2008-இல் முடிவு வந்தது: ஜிங்கோ மறதி நோயைத் தடுக்கவில்லை. சர்க்கரை நோய்க்கான செமாகுளுடைடையும் அல்சைமர் நோயாளிகளிடம் சோதித்தார்கள். நோய் முற்றும் வேகம் குறையலைன்னு 2025 நவம்பரில் அறிவித்தார்கள். மஞ்சளில் உள்ள குர்குமினை 36 பேரிடம் 24 வாரம் சோதித்ததிலும் பலன் தெரியவில்லை. அது ரத்தத்தில் சேர்வதே மிகக் குறைவு.

"சாப்பிட்டுத்தான் பார்ப்போமே, என்ன ஆகிடும்?" என்று நினைக்காதீங்க. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவருக்கு ஜிங்கோவால் ரத்தக்கசிவு ஏற்படலாம். சர்க்கரை நோய் இல்லாதவருக்குச் சில சர்க்கரை மாத்திரைகள் மயக்கத்தை உண்டாக்கும்.

அப்போ என்ன செய்யலாம்?

முதலில் டாக்டரிடம் காட்டுங்க. பி12 குறைவு, தைராய்டு கோளாறு, மனச்சோர்வு இவற்றாலும் மறதி வரும். அவற்றுக்குச் சிகிச்சை உண்டு. மருத்துவ ஆலோசனைக்கு 104-ஐயும், முதியோருக்கான உதவிக்கு 14567-ஐயும் அழைக்கலாம்.

ஆய்வில் சேரச் சொல்லி யாராவது அழைத்தால், அது சி.டி.ஆர்.ஐ. எனும் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் இருக்கிறதா என்று போனிலேயே தேடிப் பாருங்க. உங்களுக்குப் புரியும் மொழியில் விளக்கம் கேளுங்க. சம்மதித்த பிறகும் எப்போது வேண்டுமானாலும் விலகலாம். அது உங்க உரிமை.

அடுத்த ஃபார்வர்டு வரும்போது இரண்டு கேள்வி கேளுங்க: எத்தனை பேரிடம் சோதித்தார்கள்? டம்மி மாத்திரையோடு ஒப்பிட்டார்களா? பதில் இல்லைன்னா, அந்தச் செய்தி உங்க போனோடு நிற்கட்டும்.