சோப்பு நீரும் வினைவேகமும்
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



சோப்பு அழுக்கை அகற்றும் என்பதை யாவரும் அறிவோம். அஃது இரசாயன வினையொன்றை முடுக்கவும் வல்லது, முடக்கவும் வல்லது என்பது பற்றிச் சில சொற்கள் கூற விழைகிறேன்.

சோப்பு மூலக்கூறின் தலை நீரை நாடும். வாலோ எண்ணெயை நாடும். நீரில் சிறிதளவே கரைந்திருக்குங்கால் மூலக்கூறுகள் தனித்தனியே திரியும். ஒரு வரம்பைக் கடந்ததும் வால்களை உள்ளே மறைத்து, தலைகளை வெளியே காட்டி, உருண்டையாகத் திரளும். இத்திரளே மைசெல். சோடியம் டோடெசில் சல்பேட்டுக்கு அவ்வரம்பு லிட்டருக்கு ஏறத்தாழ 2.3 கிராம், திரள் ஒன்றில் சுமார் 60 மூலக்கூறுகள் இருக்கும். 1913-லேயே மக்பெய்ன் என்னும் அறிஞர் இத்தகைய திரள்கள் உண்டென எடுத்துரைத்தார்.

வாய்ப்புண்ணுக்குத் தடவும் ஊதா மருந்தை நம்மில் பலர் அறிவர். நாவின் நிறம் போக நாளாகும்! அதிலுள்ள கிரிஸ்டல் வயலட் என்னும் சாயம் நேர்மின்னேற்றம் உடையது. காரக் கரைசலில் ஹைட்ராக்சைடு அயனி வந்து சேர்ந்தால் அதன் நிறம் மறையும். இவ்வினச் சாயங்களை டியன்ஸ்டீ, கிரன்வால்டு ஆகிய இருவர் ஆராய்ந்து 1959-இல் முடிவை வெளியிட்டனர். நேர்மின் தலையுடைய செடில் டிரைமெதில் அம்மோனியம் புரோமைடைச் சேர்த்தால் நிறம் விரைந்து மறைகிறது. எதிர்மின் தலையுடைய டோடெசில் சல்பேட்டைச் சேர்த்தாலோ வினை தளர்கிறது.

காரணம் யாது? சாயத்தின் உடல் எண்ணெய்த்தன்மை மிக்கதாதலின், தன் மின்னேற்றத்தையே ஒத்த மைசெல்லையும் அது சென்று பற்றுகிறது. நேர்மின் மைசெல்லின் புறத்தே ஹைட்ராக்சைடு அயனிகளும் ஈர்க்கப்பட்டு மொய்க்கின்றன. பரந்த நீரில் அரிதாகச் சந்திப்பவை குறுகிய இடத்தில் நெருக்கியடிக்கின்றன. எதிர்மின் மைசெல்லோ சாயத்தை அணைத்துக்கொண்டு, ஹைட்ராக்சைடை விரட்டிவிடுகிறது. ஆயினும், நற்பொருளென்று மேன்மேலும் சேர்த்தல் ஆகாது. மைசெல்கள் பெருகப் பெருக வினைப்பொருள்கள் அவற்றுள் சிதறும். புரோமைடு அயனிகளும் ஹைட்ராக்சைடின் இடத்தைப் பிடிக்கும். உச்சம் கண்ட வேகம் இறங்கும்.

மைசெல்லை நொதிக்கு ஒப்பிடுவோர் உளர். ஓரளவே பொருந்தும் ஒப்புமை அது. நொதி தன் பொருளைத் திட்டமாக ஓரிடத்தில் நிறுத்தும். மைசெல்லோ கணத்தில் கூடிக் கணத்தில் கலைவது. அதன் ஆற்றலில் பெரும்பங்கு கூட்டிவைத்தலே.

இதனால் பயன் உண்டா எனின், உண்டு. மருந்துத் தொழிலின் கழிவில் பெரும்பகுதி கரைப்பான்களே. கலிபோர்னியாவில் லிப்ஷட்ஸ் குழுவினர் வைட்டமின் ஈ-யிலிருந்து ஆக்கிய மைசெல் பொருளை 2011-இல் வெளியிட்டனர். பல்லேடியம் ஊக்கியுடன் கரிம இணைப்பு வினைகள் அதன் துணையால் நீரிலேயே, சாதாரண வெப்பநிலையில் நிகழ்கின்றன. எனினும், விளைபொருளைப் பிரித்தெடுக்க மீண்டும் கரைப்பானையே வாரி இறைப்பின், சேமித்தது கைநழுவும். எஞ்சும் சோப்பு நீரையும் தூய்மை செய்தாக வேண்டும்.