நாகையின் புது மனைகள்

நகர் மீண்டெழுந்ததா என்பதைக் கட்டி முடித்த வீடுகளின் தொகையால் அளப்பது அலுவலகக் கணக்கு. அது போதுமா என்பதை அவையோர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கவர்ந்தது. 2005 மார்ச்சில் பிறந்த அரசாணை, அலைவாய்க்கு 200 மீட்டருக்கு அப்பால் குடியேற இசைந்தோர்க்குப் புது வீடு தந்தது. பழைய இடத்திலேயே தங்க விழைந்தோர்க்கு அரசின் உதவி இல்லை. கூரைக் குடில்களுக்கு மாற்றாகக் கான்கிரீட் தளங்கள் எழுந்தன. கணவன், மனைவி இருவர் பெயரிலும் வீடு பதிவாயிற்று. இது சிறு பேறன்று.

ஆயினும், நெருங்கிய வரிசைகளில் வலை விரிக்க முற்றம் ஏது? மனை சமன் செய்ய, பல ஊர்களில் நிழல் மரங்களையும் வீழ்த்தினர். நெய்தலைப் பாடுவோர் அறிவர்: வாசலில் நின்று கடலின் நிறம் பார்ப்பது மீனவரின் தொழிலில் பாதி.

மதிப்பீட்டாளர் எண்ணாது விட்ட ஒன்றும் உண்டு. வெயில் தாங்காத பலர், தளவீட்டின் முன்புறம் கீற்றுப் பந்தல் இறக்கிப் பகற்பொழுதை அதன் கீழேயே கழித்தனர்.