வடிகட்டியில் சிக்காத கேள்வி

(முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



"உன் வேலையைப் பத்திப் பத்து நிமிஷம் பேசுப்பா" என்று செயலாளர் போனில் சொன்னபோது கூச்சமாகத்தான் இருந்தது. என் கூடப் படித்தவர்களில் ஒருவன் பாலம் கட்டுகிறான், ஒருவன் காற்றாலை வைக்கிறான். நான் சின்னப் பிள்ளைகள் இணையத்தில் கூடி ஆடும் விளையாட்டுகளுக்கு சர்வர் பக்கத்து வேலை பார்க்கிறவன். எங்கப்பா ஊரில் யார் கேட்டாலும் "கம்ப்யூட்டர் வேலை" என்று முடித்துவிடுவார்.

அந்த வேலையில் நான் செய்த ஒரு தப்பைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

2021-ல் பள்ளிக்கூடம் மூடிக் கிடந்த சமயம். அக்கா பையன் மூன்றாம் வகுப்பு. ஆன்லைன் வகுப்புக்கென்று வாங்கிக் கொடுத்த போனில், நான் அப்போது வேலை பார்த்த கம்பெனியின் விளையாட்டைத்தான் ஆடிக் கொண்டிருந்தான். கம்பெனி பெயர் வேண்டாம். பிள்ளைகள் ஒருவருக்கொருவர் எழுதிக் கொள்ளும் அரட்டையில் கெட்ட வார்த்தையைப் பிடித்து நிறுத்தும் வடிகட்டியை எழுதியவன் நான். ஆயிரக்கணக்கான சொற்கள் கொண்ட பட்டியல். போன் நம்பர் கொடுத்துவிடக் கூடாதே என்று எண்களையும் அடைத்து வைத்திருந்தேன். ரொம்பப் பெருமை எனக்கு.

ஒரு நாள் ராத்திரி அக்கா போன் செய்தாள். "தம்பி, இதைக் கொஞ்சம் பாரேன்டா" என்றாள். பையனுக்கு விளையாட்டுக்குள் ஒரு "அண்ணா" கிடைத்திருக்கிறார். முதல் வாரம் ஒரு வாள் பரிசு. அடுத்து ஒரு குதிரை. பிறகு, எந்த ஸ்கூல்? அப்பா எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருவார்? இந்தப் போன் அம்மாவோடதா, உன்னோடதா? கடைசியில் ஒரு வாட்ஸ்அப் நம்பர். ஒன்பது, எட்டு என்று தமிழில் சொல்வதை அப்படியே ஆங்கில எழுத்தில் எழுதி அனுப்பியிருந்தார். அக்கா அந்த நேரம் பார்த்ததால் போயிற்று.

மறுநாள் ஆபீசில் பதிவுகளை எடுத்துப் பார்த்தேன். அந்த ஆள் எழுதிய ஒரு வரியைக்கூட என் வடிகட்டி நிறுத்தவில்லை. நிறுத்த அதில் என்ன இருக்கிறது? எல்லாம் மரியாதையான வார்த்தைகள். அது நிறுத்தியதெல்லாம் என் மருமகன் எழுதியதை! "மாமா, '4 பேர் வாங்க'ன்னு எழுதினா நட்சத்திரமா வருது" என்று அவன் முன்பே புகார் சொன்னவன்தான். நான்தான் சிரித்துக் கொண்டு போய்விட்டேன்.

சொல்லை வடிகட்டுவது பழைய நோய். 1996-ல் அமெரிக்கா ஆன்லைன் நிறுவனத்தின் வடிகட்டி, இங்கிலாந்தில் ஸ்கன்தார்ப் என்ற ஊர்க்காரர்களைக் கணக்குத் தொடங்க விடவில்லை. ஊர்ப் பெயருக்கு நடுவில் ஒரு கெட்ட வார்த்தை ஒளிந்திருந்ததாம்.

அதே 1990-களில் டிஸ்னி நிறுவனம் வேறு வழி பார்த்தது. பிள்ளைகள் தட்டச்சே செய்ய வேண்டாம், நாம் கொடுக்கும் நல்ல சொற்களைப் பொறுக்கி வாக்கியம் அமைக்கட்டும் என்று. அந்த வேலையில் பங்கெடுத்த ராண்டி ஃபார்மர் இதைப் பின்னாளில் எழுதியிருக்கிறார். சோதிக்க உட்கார வைத்த பதினாலு வயசுப் பையன் சில நிமிஷத்தில், ஒட்டகச்சிவிங்கியையும் முயலையும் வைத்தே, இந்த மேடையில் சொல்ல முடியாத ஒரு வாக்கியத்தை அமைத்துவிட்டானாம். (நம்ம ஹாஸ்டலில் இருந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.)

ஆகவே 2003-ல் டூன்டவுன் என்ற விளையாட்டை டிஸ்னி வெளியிட்டபோது, முழு வாக்கியங்களாகவே கொடுத்துவிட்டார்கள். மனம்போல் எழுதிப் பேச வேண்டுமென்றால் ஒரு ரகசியக் குறியீடு வேண்டும். அதை நேரில் தெரிந்தவருக்குத்தான் கொடுக்க முடியும் என்பது கணக்கு. பிள்ளைகள் விடுவார்களா? விளையாட்டுக்குள் இருந்த தங்கள் வீட்டுச் சாமான்களை எழுத்து வடிவில் தரையில் அடுக்கி, குறியீட்டை எழுதிக் காட்டினார்கள்! பேச வேண்டும் என்று ஒரு பிள்ளை முடிவு செய்துவிட்டால் நம்ம என்ஜினீயரிங் எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

ஆனால் டூன்டவுனில் நான் கற்றுக் கொண்ட பெரிய விஷயம் பேச்சு பற்றியதல்ல. அங்கே ஒரு பிள்ளை எதிரியோடு சண்டை போடும்போது, வழியில் போகிற பிள்ளை தானாக உள்ளே வந்து சேர முடிந்தது, மொத்தம் நான்கு பேர் வரை. ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையை அடிக்க வழியே இருக்கவில்லை. முன்பின் தெரியாதவர் வந்து சேர்ந்தால் லாபம் மட்டும்தான், பேச்சே தேவைப்படவில்லை. 2012-ல் வந்த ஜர்னி விளையாட்டிலும் இதே கதை. ஒருவரை ஒருவர் தள்ள முடிகிற மாதிரி முதலில் செய்திருந்தார்கள். உதவிக்குத் தள்ளுவார்கள் என்று நினைத்தால், சோதனை ஆட்டக்காரர்கள் பள்ளத்தில் தள்ளி விளையாடினார்கள், பெரியவர்கள்தான்! மோதலை எடுத்துவிட்டு, பக்கத்தில் வந்தால் இருவருக்கும் பலம் கிடைக்கிற மாதிரி மாற்றினார்கள். அதே மனிதர்கள் ஒட்டி நடக்க ஆரம்பித்தார்கள்.

நம்ம தெருவில் கிரிக்கெட் ஆடும்போது ஒரு பெரிய ஆள் வந்து எட்டு வயசுப் பிள்ளைகளோடு சேர்ந்தால், திண்ணையில் இருக்கும் பாட்டி, "யாருப்பா நீ?" என்று கேட்பாள். விளையாட்டுக்குள் எல்லோரும் ஒரே உயரப் பொம்மை. 2025 நவம்பரில் ரோப்லாக்ஸ், அரட்டைக்கு முகத்தைக் காட்டி வயதைச் சரிபார்க்க வேண்டும் என்று அறிவித்தது. சட்டமும் பின்னால் வருகிறது. 2022-ல் ஃபோர்ட்நைட் விளையாட்டின் எபிக் கேம்ஸ், பிள்ளைகளின் தனியுரிமை மீறல் வழக்கில் 27.5 கோடி டாலர் அபராதத்துக்கு ஒப்புக் கொண்டது. பிள்ளைகளுக்கும் குரல் அரட்டையை எடுத்த எடுப்பிலேயே திறந்து வைத்திருந்தது அதில் ஒரு குற்றச்சாட்டு. நம் நாட்டில் 2023-ன் தகவல் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குக் குறைந்தவரின் தகவலைக் கையாளப் பெற்றோர் சம்மதம் கேட்கிறது. நல்லதுதான். ஆனாலும் எங்கக்கா மாதிரி அம்மாமார் செட்டிங்ஸ் பக்கம் போவதே இல்லை. நாங்கள் எதைத் திறந்து கொடுக்கிறோமோ அதோடுதான் அந்த வீடு இருக்கும்.

மேலாளரிடம் போராடி, சில மாற்றங்கள் செய்தேன். அறிமுகமில்லாதவர் பரிசு கொடுக்க முடியாது. குறியீட்டைப் பெற்றோர் போனிலிருந்துதான் கொடுக்க முடியும். மற்றவர்களோடு தயார் வாக்கியங்கள் மட்டும். முதல் மாதம் ஆட்டக்காரர்கள் குறைந்தார்கள். எனக்கு ஏச்சும் விழுந்தது. கூட்டாகக் கோட்டை கட்டும் ஆட்டத்தைச் சேர்த்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பினார்கள். எல்லோரும் வரவில்லை.

தயார் வாக்கியங்கள் 40 எழுதி, மருமகனிடம் காட்டினேன். படித்துவிட்டு, "இதுல ஒண்ணு இல்ல மாமா" என்றான்.

"என்னடா?"

"அம்மா கூப்பிடறாங்க."

எனக்குப் புரியவில்லை. "ஆட்டம் பிடிக்கலன்னா எப்படிப் போறது? சும்மா போனா கோவிச்சுக்குவாங்க. அந்த அண்ணாகிட்டயும் அதான் போக முடியல" என்றான்.

அன்று ராத்திரியே 41-வது வாக்கியமாகச் சேர்த்தேன். அதை அழுத்தினால் ஆட்டக்காரர் கையசைத்துவிட்டு வெளியேறுவார், புள்ளி குறையாது. பிள்ளைகள் அதிகம் அழுத்தும் ஐந்து வாக்கியங்களில் அதுவும் ஒன்றாக இருந்தது.

இறுதியாண்டு மாணவர்கள் யாராவது, தமிழை ஆங்கில எழுத்தில் எழுதினாலும் கண்டுபிடிக்கும் புராஜெக்ட் செய்ய நினைத்தால், சாயங்காலம் கேன்டீன் பக்கம் இருப்பேன், வாருங்கள். செயலாளர் ரொம்ப நேரமாகக் கையைக் காட்டுகிறார், சாப்பாடு ஆறுகிறதாம். அம்மா கூப்பிடறாங்க.